உன் அம்மாவின் பெட்டிக்கு நான் வைத்த பட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், மாமா சுகம், அத்தை சுகம், பக்கத்துக் கடை டெய்லருக்கு மட்டும் மூட்டுவலி, என் மானத்துக்கும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீ அங்கே இருமல் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பின்னாலேயே தானாக வந்துவிடும். உன் அம்மாவின் டூல்ஸ் பெட்டிக்கு, அவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, நான் பெயிண்ட் அடித்தேன். அதுகூடப் பெரிய குற்றமில்லை. அடிப்பதற்கு முன்னால் பார்த்தால் பெட்டியின் முகப்பில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அங்கே ஓட்டை என்று ஒன்று இருந்ததே தெரியாதபடி குழந்தைக் கன்னம் மாதிரி வழவழப்பாக்கிவிட்டேன். அது சாவித் துளை. பெட்டி பூட்டியிருந்தது. போனவாரம் போனில் நீ, 'என்னப்பா, அம்மாவும் மாமாவும் ஒரே போட்டோல நிக்கிறாங்க, யாருக்கு என்ன ஆச்சு' என்று பதறிக் கேட்டாயே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆக இருந்தது எனக்குத்தான். அந்தப் போட்டோ எடுக்கிற அளவுக்கு நிலைமை வந்ததற்கு இந்தப் பட்டிதான் காரணம். போனில் சொல்லலாம் என்றால் நான் வாசலில் முணுமுணுத்தால் உன் அம்மாவுக்குக் கொல்லையில் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். மெக்கானிக்காக இருந்த உன் தாத்தா போகும்போது பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு இரும்புப் பெட்டிகளை விட்டுப்போனார். இரண்டும் ஒரே அச்சு, ஒரே பூட்டு, ஒரே கனம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்வதில்கூட வித்தியாசம் கிடையாது. மேலே மூடி, மூடிக்குக் கீழே ஒரு தட்டு, அதற்குக் கீழே வரிசையாக டிராயர்கள். மூடியைப் பூட்டினால் உள்ளே ஒரு கம்பி இறங்கி எல்லா டிராயரையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும், மூடியைத் தூக்கினால் விட்டுவிடும். உன் அம்மா தன் பெட்டியை ஸ்கூட்டர் பட்டறையில் வைத்து வேலை வாங்கிக்கொண்டிருப்பவள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பாள், டிராயர் ஓடுகிற தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பாள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று டிராயருக்கு ஒரு சாக்பீஸ் போட்டு வைப்பாள். என் சட்டைப் பொத்தான் போய்ப் பல நாள் ஆகிறது, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. மாமாவோ தெருவின் அந்தக் கோடியில் டைல்ஸ் போட்ட பட்டறை கட்டி, சக்கரம் வைத்த சிவப்பு டிராலி வாங்கி, கண்ணாடி மாதிரி பளபளவென்று டூல்ஸ் அடுக்கி, பழைய பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே மண் நிரப்பி, பூச்செடி நட்டு, கடை வாசலில் அழகுக்கு வைத்தார். உன் அம்மா அந்தப் பக்கம் போனவள் நின்று பார்த்தாள். 'பெட்டி நல்லா பூத்திருக்குங்க' என்றாள். திரும்பி வந்துவிட்டாள். சண்டை அவ்வளவுதான். ஆனால் அந்த 'ங்க' இருக்கிறதே, அதுதான் வெட்டு. உன் அம்மா வாய் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அண்ணனை 'டேய் அண்ணா', 'வாடா', 'சாப்பிட்டியாடா' என்றுதான் பேசியவள், தாத்தா அடித்துப் பார்த்தும் மாறாத வாய். செடி நட்ட நாளிலிருந்து அவர் 'அவர்' ஆகிவிட்டார், 'நீங்க வாங்க', 'நீங்க உக்காருங்க', அவர் இல்லாத இடத்தில் 'பூந்தோட்டக்காரர்'. மாமா ஒருநாள் என்னை வழியில் பிடித்து, 'இவ குடுக்கிற மரியாதை தாங்க முடியல மாப்ள, நாலு திட்டு திட்டச் சொல்லுங்க, நிம்மதியா இருக்கும்' என்றார். அதற்கப்புறம் நம் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

இப்போது நான் எங்கே வந்தேன் என்று கேட்பாய். பேக்கரிக்காரருக்குக் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஏணி மேல் நின்று எழுதுகிறவனுக்குக் கை மட்டும்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது, அவரிடம் பேச்சுக் கொடுத்ததில் ரொட்டி கொண்டுபோகிற ஸ்கூட்டர்கள் எல்லாம் பழசு, மாற்றி மாற்றி நின்றுவிடுகின்றன, சரியான கை ஒன்று கிடைக்கவில்லை என்று அழுதார். நான் ஏணியில் இருந்தபடியே உன் அம்மாவைப் பற்றி ஒரு பாட்டம் பாடினேன். கட்டியவன் தன் மனைவியைப் பற்றி அவ்வளவு நல்லதாகப் பேசிக் கேட்டதில்லை போலிருக்கிறது, மனுஷர் அசந்துபோய், சரி, ஒரு வண்டியை அனுப்புகிறேன், அது ஒழுங்காகத் திரும்பி வந்தால் மிச்ச வண்டியும் அங்கேதான் என்று சொல்லிவிட்டார். இது உன் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் டைல்ஸ் தரை வந்ததிலிருந்து வண்டிகள் அந்தப் பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போகின்றன. இவள் பட்டறையில் சில நாள் டெய்லர் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவதுதான் ஒரே வியாபாரம். சித்தி வீட்டுக்குப் போயிருந்தவளிடம் போனில் சொன்னேன். 'வண்டி எப்ப வருது' என்று மட்டும் கேட்டாள், தான் வந்து இறங்கும்போது அது பட்டறையில் நிற்கவேண்டும் என்றாள். சரி, இவ்வளவு நல்லது செய்தாயிற்று, இன்னும் கொஞ்சம் செய்வோம் என்று எனக்கு ஆசை வந்தது பார், அங்கேதான் சனி பிடித்தது. பேக்கரி போர்டுக்கு வாங்கிய பச்சை எனாமல் மிச்சம் இருந்தது. அவள் பெட்டி மூலைக்கு மூலை பெயர்ந்து, சொட்டை விழுந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. புது வாடிக்கை வருகிற நாளில் பெட்டியும் புதிதாக இருக்கட்டுமே என்று உட்கார்ந்தேன். சொட்டை எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்தேன், ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி, கீறலுக்குப் பட்டி. போர்டு எழுதுகிறவனுக்கு ஓட்டை என்றால் ஓட்டைதான், அது எதற்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றால் எந்தப் போர்டும் முடியாது. கை தானாகப் போய் அடைத்துவிட்டது, தலைக்குத் தகவல் வரவில்லை. அதன் மேல் இரண்டு கோட் பச்சை. காய்ந்ததும் மஞ்சளில் எழுத்து. பூட்டிய பெட்டிதான், ஞாபகத்தை வைத்தே டிராயருக்கு டிராயர் உள்ளே என்ன இருக்கிறது என்று நல்ல தமிழில் எழுதினேன். அரம் இருக்கிற டிராயருக்கு 'அரம்', புல்லர் இருக்கிறதற்கு 'இழுப்பான்', ரிங் ஸ்பேனர் இருக்கிறதற்கு 'மோதிரம்'. இன்றைக்கும் சொல்கிறேன், எழுத்து அருமையான எழுத்து.

உன் அம்மா பஸ் விட்டு இறங்கிப் பையோடு நேராகப் பட்டறைக்கு வந்தாள். பேக்கரி ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தாள். நான் பாராட்டு வாங்கிக்கொள்கிற முகத்தோடு பக்கத்தில் நின்றேன். 'பச்சையா' என்றாள். பரவாயில்லை, மோசமில்லை என்று நினைத்துக்கொண்டேன். வண்டியைத் தட்டிப் பார்த்து, உதைத்துப் பார்த்து, காது வைத்துக் கேட்டுவிட்டு, என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டைக் கழற்றினால்தான் விஷயம் தெரியும் என்றாள். அந்த மேக்னெட் சும்மா வராது, புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும், இந்தப் பழைய வண்டிக்கான புல்லர் கடையில் கிடைக்காது, இவளே லேத்தில் நின்று மரை வெட்டிச் செய்து வைத்திருக்கிறாள், அது பெட்டிக்குள் இருக்கிறது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பெட்டி முன்னால் குனிந்தாள். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி பச்சையைத் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதுவதாக இல்லை. 'இங்க ஒரு தொள இருந்துச்சே' என்று ரொம்ப மெதுவாகக் கேட்டாள். இருந்தது, நன்றாக அடைத்துவிட்டேன் என்றேன், வேறு என்ன சொல்வது. எங்கே என்று கேட்டாள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பார்க்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. குத்துமதிப்பாக ஒரு இடத்தைப் பார்த்து ஆணியால் தோண்டினேன். துளை கிடைத்தது, ஆனால் பட்டி உள்ளே வரைக்கும் இறங்கிக் கல்லாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தோண்டினேன், ஆணி முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதாவது பட்டிக்கும் பூட்டுப் போட்டுவிட்டேன். உளி கொண்டா என்றேன், உளி பெட்டிக்குள் இருந்தது. சுத்தியல் என்றேன், பெட்டிக்குள். ஹேக்ஸா, டிரில், நெம்புகோல், எதைக் கேட்டாலும் உன் அம்மா பெட்டியைக் காட்டினாள். டூல்ஸ் பெட்டியைத் திறக்க வேண்டிய டூல்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே பத்திரமாக இருந்தன, அவள் அப்படி ஒழுங்கு, ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட வெளியே போட்டு வைக்க மாட்டாள். கடைசியில் பொறுமை போய், 'டிராயர் மாட்டிக்கிச்சு, கத்தி கித்தி ஏதாவது இருந்தா கொண்டாங்க' என்று டெய்லர் கடையைப் பார்த்துக் கத்தினாள். டெய்லர் ஆயுசு முழுக்கக் கால்சட்டை தைத்தவர், டிராயர் என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும். பெரிய கத்தரிக்கோலோடு மூட்டுவலியையும் மறந்து ஓடி வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, 'எங்க மாட்டியிருக்கு' என்று அக்கறையாகக் கேட்டார். அந்த நேரம் பார்த்தா பேக்கரிக்காரர் வந்து சேர வேண்டும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சாயந்திரம் வண்டி கைக்கு வந்தால்தான் விடிகாலையில் ரொட்டி போகும் என்றார். வந்துவிடும் என்றாள். பெட்டியைப் பார்த்து, 'புதுசாம்மா' என்று கேட்டார். 'பழசுங்க, இப்பத்தான் கெட்டுச்சு' என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, தாமதமானால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அந்தக் கோடியில் டைல்ஸ் போட்ட ஒரு கடை இருக்கிறதாமே, அங்கே தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன் என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் உன் அம்மா டெய்லரின் மார்க் போடுகிற சுண்ணாம்புக்கட்டியை வாங்கி, பெட்டியின் பக்கவாட்டில், நான் அடித்த பச்சையின் மேல், நேராக ஒரு கோடு போட்டாள். வெல்டரைக் கூப்பிட்டு அனுப்புங்கள், கேஸ் வைத்து இங்கே வெட்டட்டும் என்றாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். 'பெட்டி போனா போகட்டும், வண்டி நிக்கக்கூடாது' என்றாள். இந்தப் பெட்டிக்காகத்தானே கூடப் பிறந்தவனோடு பேச்சு நின்றது, அதையே அறுக்கப்போகிறாய் என்றால் அப்புறம் எதற்கு அந்தச் சண்டை என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, நான் அன்றைக்குக் கேள்வி கேட்கிற நிலைமையில் இல்லை. மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று மட்டும் இழுத்தேன். 'எதுக்கு, ரோஜாச் செடி வேணுமா' என்றாள். சரி, டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வெல்டரிடம் வரச் சொல்லிவிட்டு, அப்படியே தெருவின் அந்தக் கோடிக்கு நடந்தேன். வெல்டரிடம் சொல்லாமலே போயிருக்கலாம்தான். ஆனால் உன் அம்மாவிடம் அன்றைக்கு இன்னொரு குற்றம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

மாமா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும், அத்தைதான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். 'அவ கூப்பிட்டாளா' என்று கேட்டார். கூப்பிட்டாள் என்றேன். 'என்ன சொல்லிக் கூப்பிட்டா' என்று கேட்டார். நான் முழித்துவிட்டு, அண்ணனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க என்றாள் என்றேன். 'பொய். நெஜமாவே கூப்பிட்டிருந்தா, அந்தத் தடியன வரச் சொல்லுன்னு சொல்லியிருப்பா' என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். இனி என்ன செய்வது என்று தெரியாமல், சரி மச்சான், வெல்டர் வந்திருப்பான், நான் போகிறேன் என்றேன். வெல்டர் எதற்கு என்றார். பெட்டியை வெட்ட என்றேன். குவளையைக் கீழே வைத்தார். 'வெட்டறதா? அதையா?' என்று கேட்டார். உள்ளே போய்ப் புது புல்லர் செட்டைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார், பனியனோடு. பின்னால் அத்தை சட்டையை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள், அவளுக்குப் பின்னால் நான். டீ வாங்க மறந்துவிட்டேன்.

பட்டறையில் உன் அம்மா ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள், மாமா இந்தப் பக்கம் நின்றார், நடுவில் நான். 'மாப்ள, பெட்டிய வெட்டப் போறாங்களாமே' என்று மாமா என்னிடம் கேட்டார். 'வெட்டாம மண்ணு கொட்டச் சொல்றாங்களான்னு கேளுங்க' என்று உன் அம்மாவும் என்னிடம்தான் சொன்னாள். நான் தபால்காரன் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன், ஆனால் ஒரு வார்த்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. மாமா புது செட்டைத் திறந்து ஒவ்வொன்றாக மேக்னெட்டில் வைத்துப் பார்த்தார். எல்லாம் அழகு, எதுவும் சேரவில்லை, மரை வேறு. 'செட்டு நல்லா மின்னுதுங்க' என்றாள். மாமா பெட்டியிடம் வந்து, மோதிரம் என்று எழுதியிருந்ததைப் படித்து, 'நகைக்கடை எப்ப வச்சீங்க மாப்ள' என்று என்னைக் கேட்டுவிட்டு, பெட்டியைச் சுவரை விட்டு இழுத்துப் பின்பக்கமாகத் திருப்பச் சொன்னார். அந்தப் பெட்டியின் முதுகை உன் அம்மாவே பார்த்ததில்லை, வந்த நாளிலிருந்து அது சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறது. நான் மட்டும் பார்த்திருக்கிறேன், பெயிண்ட் அடிக்கும்போது. 'கீலுக்குமா அடிச்சீங்க' என்றார். இரண்டு கோட் என்றேன். என் பிளேடை வாங்கிக் கீலைச் சுரண்டினார். கீலுக்குள் ஒரு ஆணி ஓடுகிறது, அதைத் தட்டித் தள்ளிவிட்டால் மூடி பின்னாலிருந்து கழன்று வந்துவிடும், பூட்டு பூட்டினபடி முன்னால் கிடக்கட்டும் என்றார். அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள் என்றாள் உன் அம்மா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமா கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'மூடியக் கழட்டித்தானே மண்ணு போட்டேன்' என்றார்.

பழைய சாமான் குவியலிலிருந்து, வண்டியை உதைத்துக் கிளப்புகிற கிக்கர் ஒன்றை எடுத்துச் சுத்தியலாக வைத்துக்கொண்டார். முதல் கீலின் ஆணி தட்டியதும் வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை, என் பெயிண்ட் அதை நன்றாகப் பிடித்து வைத்திருந்தது. ஓங்கி ஒன்று போட்டார், கிக்கர் வழுக்கிக் கட்டைவிரலை உரசிக்கொண்டு போனது. 'பாத்துடா எரும, வெரலு போயிடப்போகுது, தள்ளு, குடு இப்டி' என்று உன் அம்மா அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கிக்கரைப் பிடுங்கிக்கொண்டாள். மாமா விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. உன் அம்மா என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது, அவள் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அடியில் ஆணி வந்தது, இரண்டு பேருமாக மூடியைப் பின்னாலிருந்து தூக்கினார்கள், உள்ளே கம்பி 'டொக்' என்று விட்ட சத்தம் கேட்டது. அப்புறம் நான் என் மஞ்சள் எழுத்தையெல்லாம் பிளேடால் அறுத்து டிராயர்களை விடுவித்தேன். இழுப்பான் என்று எழுதிய டிராயரில் அரம் இருந்தது. அரம் என்று எழுதியதில் புல்லர் இருந்தது. மோதிரம் மட்டும் சரியாக இருந்தது. வெல்டர் வந்தபோது மேக்னெட் கழன்றாயிற்று, அவர் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்ததற்கு டீ குடித்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒரு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, 'அதக் குடுடா', 'இது என்னடி கழுத, இப்டி மாட்டியிருக்க' என்று ஒருவரையொருவர் அவமானப்படுத்திக்கொண்டே வேலையை முடித்தார்கள். டெய்லர்தான் அப்போது அந்தப் போட்டோவை எடுத்தார். சாயந்திரம் பேக்கரிக்காரர் வந்து ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, மிச்ச வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறேன் என்றார். அனுப்பிக்கொண்டும் இருக்கிறார். புல்லரை வெளியே கொடுக்க மாட்டேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டதால், பெரிய வேலை வந்தால் மாமா இங்கே வருகிறார். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். எனக்குத்தான் குழம்பு குறைகிறது.

அவருடைய பெட்டியும் பழையபடி பெட்டியாகிவிட்டது. உன் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், செடிகளை வேரோடு தொட்டிக்கு மாற்றி, செடியைச் சாகவிடவில்லை, அதை நீ குறித்துக்கொள்ள வேண்டும், மண்ணைக் கொட்டி, துருவை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் தேய்த்து, தடத்துக்கு மெழுகு போட்டு, கீலை மாட்டி, சாக்பீஸ் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சிவப்பு டிராலி கடை வாசலுக்கு வந்துவிட்டது, வருகிறவர்கள் பார்க்க. என்னைப் பொறுத்தவரை தண்டனை இன்னும் முடியவில்லை. பச்சையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று உத்தரவு. தினமும் கொஞ்சம் சுரண்டுகிறேன். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் என் பக்கத்தில் நின்று, 'சார், எங்க வீட்டுச் சாவித் தொளையும் கொஞ்சம் பெருசா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். டெய்லர் ஒரு படி மேலே போய், நான் வருவதைப் பார்த்தால் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறார், காதும் ஓட்டைதானாம்.

மற்ற சேதிகள் பெரிதாக ஒன்றுமில்லை. மாடி வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தாமல் தூங்கிவிடுகிறார், தொட்டி நிரம்பி நம் வாசல் நனைகிறது, அவர் மனைவியிடம் சொன்னால் அவர் எங்கள் வீட்டிலும் நிறுத்தாமல்தான் பேசுகிறார் என்கிறாள். அத்தைக்கு மூக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது நன்றாகத் தெரிகிறதாம், அதனால் மாமாவைப் பற்றிய புகார் அதிகமாகியிருக்கிறது. உன் அறையில் குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் வருவார் வருவார் என்று வாளி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன் என்று சொன்னாயாம், அதைக் கேட்டு உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாஷர்தான் போயிருக்கும், மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும், ஒரு மெக்கானிக் பெற்ற பெண் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். சின்னதாக ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு சாக்பீஸும் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புவாளாம். வந்தால் அதை அலமாரியில் அழகுக்கு வைக்காதே, உபயோகப்படுத்து, இல்லாவிட்டால் உன்னையும் 'நீங்க' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவாள், அப்புறம் நான் தூது வர இயலாத தூரம் அது. ஃபேன் முன்னால் நின்று தலை காயவைத்துவிட்டுத் தூங்கு, ஈரத்தலையோடு படுக்காதே. பல் டாக்டரிடம் போகிறேன் போகிறேன் என்று எத்தனை மாதமாகச் சொல்கிறாய், போய்விட்டு வா. அங்கே பட்டி வைக்கிறவர்கள் எந்த ஓட்டை என்று பார்த்து வைப்பார்கள், பயப்படாதே.

எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு, நல்ல பேரோடு, நாலு பேர் உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரியும் நீ கூப்பிட்டால் நாலு பேர் வருகிற மாதிரியும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மாமாவும் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார்கள், டெய்லர் உன் அளவு மாறியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். பதில் எழுதும்போது பெட்டி விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, மறந்துவிடாதே.

சுரண்டிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா

பின்குறிப்பு: பச்சை போனதும் பெட்டிக்கு அதன் பழைய நிறத்தையே அடித்துவிடலாம் என்று நேற்று மாமாவிடம், தாத்தா காலத்தில் இது என்ன நிறம் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, 'யாரு பாத்தா மாப்ள, மேல எப்பவும் சாக்கு விரிச்சிருக்கும்' என்றார். சாக்கு எதற்கு என்றேன். 'உக்காரத்தான். ஒண்ணுல அப்பா உக்காருவாரு, இன்னொண்ணுல வண்டி விட வந்தவங்க உக்காருவாங்க. அப்பா அதத் தெறந்து நாங்க ஒரு நாளும் பாத்ததில்ல. டூல்ஸெல்லாம் வாளியிலதானே கெடந்துச்சு' என்றார். உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். 'ஆமா, தகர வாளி' என்றாள்.